எட்டு மணிப் பூ

"அக்கா, இவ்வாண்டு மலருக்கு நீங்களும் ஏதாவது எழுதித் தாருங்கள்" என்று கழகத்துத் தம்பி ஒருவர் கைப்பேசியில் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று இரண்டு வாரம் குழம்பினேன். அறிவியல் படித்தவள் நான். கவிதை வராது, சிறுகதையும் கைவந்ததில்லை. ஒரு சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் தேநீரோடு உட்கார்ந்திருந்தபோது, அம்மாவின் மஞ்சள் பூக்கள் வரிசையாக மலர்ந்திருப்பதைப் பார்த்தேன். சரி, எனக்குத் தெரிந்ததையே எழுதுவோம் என்று முடிவு செய்தேன். ஆகவே, அன்பு நண்பர்களே, இது ஒரு செடியின் கதை. கொஞ்சம் என் அம்மாவின் கதையும்கூட.

அந்தச் செடியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதைகளின் ஓரத்தில் முழங்கால் உயரத்திற்குப் புதராக நிற்கும். விளிம்பில் பல் பல்லாக வெட்டிய கரும்பச்சை இலைகள். ஐந்து இதழ் கொண்ட பளிச்சென்ற மஞ்சள் பூ. காலை எட்டு மணிவாக்கில் விரியும். நண்பகல் ஆனதும் சுருங்கிவிடும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். ஆனால் மறுநாள் காலை அதே செடியில் வேறு பூக்கள் வந்திருக்கும். இந்த மண்ணில் ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டே இருக்கும். எங்கள் அண்டை வீட்டு மலாய்க்கார அக்கா இதைப் 'பூங்ஙா புக்குல் லாப்பான்' என்பார். எட்டு மணிப் பூ என்று பொருள். அம்மாவுக்கு இது எப்போதும் 'மஞ்சப் பூ'தான்.

தாவரவியலில் இதன் பெயர் டர்னெரா உல்மிஃபோலியா. பதினாறாம் நூற்றாண்டில் மூலிகை நூல் எழுதிய ஆங்கிலேயர் வில்லியம் டர்னரின் நினைவாக 'டர்னெரா' என்ற பெயர் வந்தது. எல்ம் மரத்தின் இலையைப் போன்ற இலை உடையது என்பதால் 'உல்மிஃபோலியா'. மெக்சிகோவும் மேற்கிந்தியத் தீவுகளும் உள்ள வெப்பமண்டல அமெரிக்கப் பகுதியே இதன் பூர்வீகம். நம் பாட்டன் பூட்டனைப் போல இதுவும் கடல் கடந்து வந்த செடிதான்.

நான் பிறந்து வளர்ந்தது கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா குலை வெட்டினார். அம்மா மருந்தடிக்கும் வேலை செய்தார். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பதினாறு லிட்டருக்கு மேல் கொள்ளும் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, மரத்தடிகளில் முளைக்கும் புல்லுக்கு மருந்து அடிக்க வேண்டும். 1999இல் தொடங்கி 2013 வரை பதினான்கு ஆண்டுகள் அவர் இந்த வேலையைச் செய்தார். மாலையில் லயத்துக்குத் திரும்பும் அம்மாவிடம் ஒரு வாடை வரும். குளித்து உடை மாற்றும் வரை என்னைப் பக்கத்தில் வர விடமாட்டார். மற்றப் பிள்ளைகளுக்கு அம்மா வாசம் என்றால் எது நினைவுக்கு வருமோ தெரியாது. எனக்கு அந்த வாடைதான் நினைவுக்கு வரும்.

நான் மூன்றாம் ஆண்டு படித்த காலத்தில் ஒருநாள் அம்மா வழக்கத்துக்கு மாறாக மகிழ்ச்சியாக வீடு திரும்பினார். அன்று அவருடைய கூட்டத்துக்கு மருந்தடிக்கும் வேலை இல்லையாம். பாலிபேக்கில் மண் நிரப்பிப் பூச்செடிக் குச்சி ஊன்றச் சொன்னார்களாம். சில வாரங்கள் அந்த வேலை நடந்தது. கன்றுகள் வேரூன்றியதும் அவற்றைப் பாதையோரங்களில் வரிசையாக நட்டார்கள். "பெரிய தொரை வர்றாரு போல, அழகுக்கு நடச் சொல்றாங்க" என்று அம்மா சொன்னார். நாங்களும் அப்படியே நம்பினோம்.

2013இல் தோட்டத்தின் ஒரு பகுதி வீட்டுமனைக்குப் போனது. எங்கள் லயமும் அந்தப் பகுதியில்தான் இருந்தது. கோலசிலாங்கூரிலேயே ஒரு தாமானில் மலிவு விலை வீட்டுக்குக் குடிமாறினோம். லாரியில் சாமான் ஏற்றும்போது அம்மா ஈரச் சாக்கில் சுற்றிய ஐந்து குச்சிகளை என் மடியில் வைத்து, "பத்திரமா புடிச்சிக்கோ பாப்பா" என்றார். பிரித்துப் பார்த்தால் அந்த மஞ்சள் பூச்செடி! எனக்கு எரிச்சல் வந்தது. புது வீட்டுக்குப் போகிறோம். ரோஜா வைக்கலாம், மல்லிகை வைக்கலாம். போயும் போயும் தோட்டத்துச் செடியையா கொண்டு போவது? பன்னிரண்டு வயதில் தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. இதை இன்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

புது வீட்டின் முன் பத்தடிக்கு நான்கடி மண் இருந்தது. மண் என்று சொல்வதே மிகை. கட்டடம் கட்டியவர்கள் கொட்டிய களிமண்ணும் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும்தான் அங்கிருந்தன. அம்மா ஐந்து குச்சிகளையும் அதில் ஊன்றினார். ஆண்டிறுதி மழையில் நீர் தேங்கி மூன்று அழுகிப் போயின. நான் உள்ளூர மகிழ்ந்தேன். அம்மாவோ ஒன்றும் பேசாமல் மீதி இரண்டையும் பிடுங்கிப் பழைய பால் டின்னில் வைத்தார். பிறகு மண்வெட்டியை எடுத்தார். செங்கல் துண்டுகளைப் பொறுக்கி அடியில் பரப்பினார். மேலே மணலும் களிமண்ணும் காய்ந்த மாட்டுச் சாணமும் கலந்து அரையடி உயரத்துக்குப் பாத்தி கட்டினார். தண்ணீர் நிற்காமல் வடிந்தால் போதும், இந்தச் செடி எந்த மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

இந்தச் செடியை வளர்க்க விரும்பும் நண்பர்களுக்காக, அம்மாவிடம் கற்றதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, வெயில். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் பட வேண்டும். எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது; காலை வெயில் முழுவதும் பாத்தியில் விழும். நிழலில் வைத்தால் செடி சாகாது. ஆனால் வெளிச்சத்தைத் தேடி நீண்டு மெலிந்து வளரும், பூவும் குறையும். இரண்டாவது, குச்சி. மிகவும் இளசாகவும் இல்லாமல் முற்றிய கட்டையாகவும் இல்லாமல், நடுத்தரமான தண்டை ஒரு சாண் நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே வெட்ட வேண்டும். அடியிலுள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றி, மூன்று வாரம் நிழலில் வைத்தால் வேர் பிடிக்கும். அதன் பிறகு வெயிலுக்குக் கொண்டு வரலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். செடியைக் கவாத்து செய்ய வேண்டும். விட்டுவிட்டால் மூன்றடிக்கும் மேல் போய், கீழே வெறுங்கட்டையும் மேலே நாலு இலையுமாக நிற்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை அம்மா வெட்டிவிடுவார். முதல் முறை பார்த்தபோது, பூத்துக் குலுங்கும் செடியை இப்படி மொட்டையடிக்கிறாரே என்று பதறினேன். சில வாரங்களில் வெட்டிய இடங்களிலெல்லாம் புதுக்கிளைகள் வெடித்து, செடி அடர்ந்து குறுகி, முன்னைவிட அதிகமாகப் பூத்தது. இதன் பூ கிளை நுனியில் இலைக்காம்போடு ஒட்டி வருகிறது. நுனிகள் பெருகினால் பூவும் பெருகும், கணக்கு அவ்வளவுதான்.

நான்காவது, உரம். ஒருமுறை என் சேமிப்புக் காசில் நான்கு வெள்ளிக்கு இரசாயன உரம் வாங்கி வந்து தாராளமாகப் போட்டேன். இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு வந்தன, பூதான் வரவில்லை. அம்மா சிரித்துவிட்டு, "நல்லா சாப்பிட்டுட்டுத் தூங்குது பாரு" என்றார். அதிலிருந்து மாதம் ஒரு கைப்பிடி மக்கிய குப்பையோடு நிறுத்திக்கொண்டோம்.

எறும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலை காம்போடு சேரும் இடத்தில் இரண்டு சிறு புள்ளிகள் இருக்கும். அவை தேன் சுரப்பிகள். பூ வாடிய பிறகும் அங்கே தேன் கசியும். எறும்புகள் அதைத் தேடி வரும். விதையையும் இழுத்துச் செல்லும். அதனால்தான் கேட்டடியிலும் சாக்கடை ஓரத்துச் சிமெண்டு வெடிப்பிலும் இந்தச் செடி தானாக முளைக்கிறது. வேண்டாத இடத்தில் முளைப்பதை உடனே பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இதுவே களையாகிவிடும்.

இவ்வளவும் தெரிந்த எனக்கு, அந்தச் செடி தோட்டத்துக்கு ஏன் வந்தது என்று மட்டும் 2023 வரை தெரியாமலே இருந்தது. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. செம்பனைப் பூச்சிக் கட்டுப்பாடு பற்றி ஓர் இடுபணி. நூலகத்தில் கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்தில் படம் இருந்தது. ஐந்து இதழ் மஞ்சள் பூ. எங்கள் வாசலில் நிற்கும் அதே பூ!

செம்பனை ஓலையைத் தின்னும் கூட்டுப்புழுவைத் தோட்டத்து மக்கள் அறிவார்கள்; மலாயில் 'ஊலாட் பூங்குஸ்' என்பார்கள். ஓலைத் துணுக்குகளைக் கொண்டு தன்னைச் சுற்றிப் பை ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஓலையின் அடியில் தொங்கும். பெண்ணுக்குச் சிறகே கிடையாது. பையை விட்டு வெளியே வராமலே நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். தாக்குதல் கடுமையானால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் விளைச்சல் ஏறத்தாழ 40 விழுக்காடு வரை குறையலாம் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். 1950களின் இறுதியிலும் 1960களிலும் இந்தப் புழுவுக்கு எதிராகக் கடுமையான பூச்சிக்கொல்லிகளை அடித்தார்கள். புழு குறையவில்லை, பெருகியது. காரணம், அந்த மருந்து புழுவைக் கொல்லும் சின்னஞ்சிறு குளவிகளையும் சேர்த்து அழித்துவிட்டது. பி. ஜே. வூட் என்னும் பூச்சியியல் அறிஞர் இதை ஆராய்ந்து, மலேசியச் செம்பனைப் பூச்சிகளைப் பற்றி 1968இல் நூலே எழுதினார்.

அந்தக் குளவி தன் முட்டையைப் புழுவின் உடலில் இடும். குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். ஆனால் வளர்ந்த குளவிக்கு உணவு தேன். வெறும் செம்பனை நிற்கும் காட்டில் அதற்குத் தேன் ஏது? ஆகவேதான் பாதையோரங்களில் டர்னெரா நடுகிறார்கள். மஞ்சள் வகையும் உண்டு. நடுவில் கருமை கொண்ட வெள்ளை வகையும் உண்டு. இவற்றோடு காசியா கோபனென்சிஸ் என்னும் இன்னொரு மஞ்சள் பூச்செடியும், இளஞ்சிவப்புப் பூக்கொடியான அந்திகோனோனும் நடப்படுகின்றன. தேன் கிடைத்தால் குளவி நெடுநாள் வாழும், புழு குறையும், பூச்சிமருந்தின் தேவையும் குறையும். பெரிய தொரையின் கண்ணுக்காக நட்ட பூவல்ல அது.

நூலகத்தை விட்டு வெளியே ஓடி வந்து அம்மாவுக்கு அழைத்தேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி, "அம்மா, நீங்க நட்ட பூவாலதாம்மா தோட்டத்துல மருந்து கொறஞ்சிருக்கு! உங்களையும் அதுதான் காப்பாத்திருக்கு!" என்றேன்.

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு அம்மா சொன்னார்: "அது புழு மருந்து பாப்பா. நான் அடிச்சது புல்லு மருந்து. அது என்னைக்கும் கொறைஞ்சதில்ல."

மூன்றாண்டு அறிவியல் படித்த எனக்கு அந்த வேறுபாடு அப்போது தோன்றவில்லை. ஆறாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்கு உடனே தெரிந்தது. நான் ஒன்றும் பேச முடியாமல் நின்றேன். அம்மாவே தொடர்ந்தார்: "குளவிக்குச் சோறு போடத்தான் நட்டாங்களா? இப்பத்தான் புரியுது. பூவுல மருந்து பட்டுச்சுன்னா சம்பளத்துல புடிச்சிருவேன்னு மண்டோர் கத்துவாரு. பூ பக்கத்துல வந்தா பம்பை நிறுத்திட்டுக் கையால புல்லைப் புடுங்குவோம். எங்க மேல பட்டா மட்டும் யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். அம்மா பாத்தியில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கைகளைப் பார்த்தேன். வலக்கையில் இரண்டு நகங்கள் சரியாக வளராமல் தடித்து மங்கியிருக்கும். சிறு வயதில், தோட்ட வேலை செய்தால் நகம் இப்படித்தான் ஆகும் என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்கு அடிக்கடி மூக்கில் இரத்தம் வரும். அதை உடல் சூடு என்றார்கள். இடுபணிக்காகப் படித்தபோது, புல் மருந்தாகப் பயன்பட்ட பாராகுவாட் பற்றியும் படித்திருந்தேன். தோலில் தொடர்ந்து பட்டால் நகம் நிறம் மாறி உதிரும். தூறல் மூச்சில் போனால் மூக்கில் இரத்தம் வரும் என்று அதில் எழுதியிருந்தது. விழுங்கினால் மாற்று மருந்தே கிடையாது. அம்மாவுக்கு வந்தது அதனால்தான் என்று நான் சான்று காட்ட முடியாது. அவர் அடித்த மருந்தின் பெயரும் அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

மருந்தடிக்கும் பெண்களின் நிலை பற்றித் தெனாகானித்தா அமைப்பு 2002இலேயே ஆய்வு வெளியிட்டிருக்கிறது. அதே ஆண்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த அரசு முடிவெடுத்தது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 சனவரி முதல் நாளில். அப்போது அம்மா பம்பை இறக்கி வைத்து ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன.

"ஏம்மா, இவ்வளவு நடந்த பிறகும் அந்தத் தோட்டத்துச் செடியை எதுக்குக் கொண்டு வந்தீங்க?" என்று அன்று கேட்டேன். பத்தாண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அம்மா நிமிராமலே, "பதினாலு வருசம் அங்க எல்லாத்தையும் சாகடிக்கிற வேலைதான் செஞ்சேன். நட்டு வளர்த்தது இது ஒண்ணுதான்" என்றார். நானும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து புல் பிடுங்கத் தொடங்கினேன்.

எங்கள் பாத்தியில் எந்த மருந்தும் அடிப்பதில்லை. சென்ற ஆண்டு அதற்கும் ஒரு சோதனை வந்தது. உடலெல்லாம் கரிய முள் கொண்ட செம்பழுப்புக் கம்பளிப்புழுக்கள் ஒரே வாரத்தில் இரண்டு செடிகளை மொட்டையாக்கிவிட்டன. அண்டை வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு ஒரு பூச்சிமருந்துப் புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். நான்கூட ஒரு கணம் கை நீட்டிவிட்டேன். அம்மா, "வேணாங்க, திங்கட்டும். மறுபடி துளிர்க்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சில நாள்களில் வாசல் கம்பியில் கூட்டுப்புழுக்கள் தொங்கின. பிறகு கரும்புள்ளி வைத்த செம்மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சிகள் மெதுவாகப் பறந்து வெளிவந்தன.

தேடிப் பார்த்தேன். அக்ரேயா தெர்ப்சிகோரே என்பது அதன் பெயர். இந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். தென்கிழக்காசியா வழியாகப் பரவி வந்து 2006இல் சிங்கப்பூரிலும் 2012இல் ஆஸ்திரேலியாவிலும் காணப்பட்டிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த செடியைத் தின்று, இந்தியாவிலிருந்து வந்த பட்டாம்பூச்சி எங்கள் வாசலில் வளர்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "நம்ம ஊர்க்காரங்கதானா? அதான் உரிமையா வந்து சாப்பிட்டிருக்காங்க" என்று சிரித்தார். ஒரு மாதத்தில் அந்த இரண்டு செடிகளும் துளிர்த்துவிட்டன.

நண்பர்களே, நம்மில் பலர் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். பட்டம் வாங்கியதும் நம் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்க ஆசைப்படுகிறோம், அது நல்லதுதான். அதற்கு முன் அவர்கள் கையால் செய்த வேலையைப் பற்றி அவர்களிடமே ஒருமுறை கேளுங்கள். என்ன மருந்து, என்ன செடி, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். நூலகத்தில் நான் படித்த எந்தக் கட்டுரையிலும் குச்சி ஊன்றிய பெண்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த வரியை எழுத நம்மைவிட வேறு யார் இருக்கிறார்கள்?

கடந்த மாதம் கவாத்து செய்தபோது அம்மா முப்பது குச்சிகளை எடுத்துப் பாலிபேக்கில் ஊன்றி வைத்திருக்கிறார். வேர் பிடித்துவிட்டன. கழகத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வருகிறேன். விடுதிச் சன்னலோரமோ வீட்டு வாசலோ, வெயில் படும் இடம் உள்ளவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து மட்டும் அடிக்காதீர்கள். அம்மா சொல்லி அனுப்பச் சொன்னார்.